கைவிடப்பட்ட நெடுஞ்சாலையில் தனியாகப் போகலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சைக்கிளில் தனியாக 1,400 கிலோமீட்டர் போகிறீர்கள். வழியில் வரும் மலைப்பகுதியில், புதிய நெடுஞ்சாலை வந்த பிறகு மூடப்பட்ட பழைய சாலை ஒன்று 26 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாம்பல் கோடாக வரைபடத்தில் தெரிகிறது. நடுவில் ஒரு பெரிய பாலம், ஒரு சின்னச் சுரங்கப்பாதை. புதிய சாலையில் லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன, ஒதுங்க ஓரம் இல்லை. பழைய சாலை காலியாக இருக்கும், அதில் போகலாமா, “ரோடு தாங்குமா” என்று கேட்கிறீர்கள்.

தாங்குமா என்பதற்கு மட்டும் பதில் வேண்டுமென்றால், தாங்கும். ஆள், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்த்து 120 கிலோ இருக்குமா? பல டன் லாரிகளுக்காகப் போட்ட சாலைக்கு அது ஒரு பாரமே இல்லை. ஆனால் உங்கள் கேள்வி உண்மையில் அது இல்லை என்று நினைக்கிறேன். பார்ப்பதற்குச் சாலை மாதிரியே கிடக்கும் ஒன்றை எந்த அளவுக்கு நம்பலாம், அந்த நம்பிக்கை நடுவழியில் பொய்த்துப் போனால் தனி ஆளாகத் திரும்பி வர முடியுமா? இதுதான் நீங்கள் கேட்பது. நான் 22 வருடங்களாகச் சாலைகளையும் பாலங்களையும் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறேன். விடுப்பு கிடைத்தால் தனியாக நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டப் போய்விடுவேன். மூடிய சாலைகளில் ஆசையாகப் போய் நல்லபடியாக வந்ததும் உண்டு, பாதியில் திரும்பியதும் உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்தச் சாலையை ஏன் கைவிட்டார்கள் என்று முதலில் விசாரியுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1940-இல் திறந்த டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையில், நாலு தடங்கள் சுரங்கப்பாதைக்குள் போகும்போது இரண்டாகக் குறுகின. நெரிசல் தாங்காமல் 1968-இல் மாற்றுவழி போட்டார்கள். சுமார் 21 கிலோமீட்டர் பழைய சாலை அப்படியே விடப்பட்டது. அதாவது மூடிய நாளில் அந்தச் சாலைக்கு எந்த நோயும் இல்லை. இடம் போதவில்லை, அவ்வளவுதான். இன்று அதில் சைக்கிள்காரர்கள் போய்வருகிறார்கள். இங்கிலாந்தின் மாம் டோர் மலையடிவாரச் சாலை வேறு கதை. அது ஒரு பழைய நிலச்சரிவின் மேலேயே போடப்பட்டது. மலை நகர நகர, தார் மேல் தாராகப் போட்டுச் சமாளித்துப் பார்த்து, முடியாமல் 1979-இல் மூடிவிட்டார்கள். இப்போது அங்கே போனால், உடைந்த விளிம்புகளில் அந்தத் தார் அடுக்குகளைக் கண்ணாலேயே எண்ணலாம். மூன்றாவது வகைக்கு சென்ட்ரேலியாவைச் சொல்லலாம். அதுவும் பென்சில்வேனியாதான். 1962-இல் பிடித்த தீ நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கி, நிலத்தடியில் எரிந்துகொண்டே போனது. மேலே போன 61-ஆம் எண் சாலை பிளந்து புகைந்தது. 1993-இல் அந்தத் துண்டை நிரந்தரமாக மூடி, 2020-இல் மண்ணைக் கொட்டி மறைத்தே விட்டார்கள்.

மூன்றையும் “கைவிடப்பட்ட சாலை” என்றுதான் சொல்கிறோம். முதல் வகையில் நான் போவேன். இரண்டாவதில், மண் காய்ந்திருக்கும் பருவத்தில், நடந்து போவேன். மூன்றாவது வகைப் பக்கமே போக மாட்டேன். நிலத்தடித் தீயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. உங்கள் சாலை நெரிசலுக்காக மாற்றப்பட்டதா, மண் சரிந்ததால் மாற்றப்பட்டதா என்பதை அந்தப் பகுதி நெடுஞ்சாலை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். பழைய செய்தித்தாள்களிலும் இருக்கும். பக்கத்து ஊரில் வயதானவர்கள் நாலு பேரைக் கேட்டால், எந்த வளைவில் வருடா வருடம் மண் விழுந்தது என்பதுவரை சொல்வார்கள்.

அது நெரிசலுக்காக மூடிய சாலை என்றே வைத்துக்கொண்டு மேலே போவோம். சாலை என்றால் கண்ணுக்குத் தெரியும் தார் மட்டும் இல்லை. தாருக்குக் கீழே ஜல்லி, ஜல்லிக்குக் கீழே இறுக்கிய மண், ஓரத்தில் வடிகால், குறுக்கே தண்ணீர் கடந்து போக கல்வெர்ட் என்று சொல்லும் சிறுபாலங்கள், இத்தனையும் சேர்ந்ததுதான் சாலை. போக்குவரத்து நின்ற பிறகு தார் மெதுவாகத்தான் கெடும். வெயிலும் காற்றும் பட்டு அதன் பசை வறண்டு, இறுகி, வெடிக்கத் தொடங்கும். ஓடும் சாலையில் சக்கரங்கள் பிசைந்துகொண்டே இருப்பதால் மிக மெல்லிய வெடிப்புகள் ஓரளவு மூடிக்கொள்ளும். காலிச் சாலைக்கு அந்த உதவியும் இல்லை. வெடிப்பில் தண்ணீர் இறங்கும், புல் முளைக்கும், வேர் அதை அகலப்படுத்தும். இதெல்லாம் உங்கள் டயருக்குத் தொல்லை. உயிருக்கு வருகிற ஆபத்து கல்வெர்ட்டில்தான் காத்திருக்கிறது.

பயன்பாட்டில் உள்ள சாலையில் மழைக்காலத்துக்கு முன்னால் ஆட்கள் வந்து, கல்வெர்ட்டின் வாயில் அடைத்திருக்கும் கட்டை, சருகு, மண் எல்லாவற்றையும் வாரி எடுப்பார்கள். யார் கண்ணிலும் படாத வேலை. சாலையை மூடிய அன்றே அது நின்றுவிடும். அதற்குப் பிறகு இரண்டில் ஒன்று நடக்கும். அடைப்பில் தேங்கிய தண்ணீர் சாலைக்கு மேலே வழிந்து ஓடி, கரையை அறுத்துக்கொண்டு போய்விடலாம். அது பரவாயில்லை, பெரிய பள்ளமாகத் தெரியும், பகலில் பார்த்து நின்றுவிடுவீர்கள். இன்னொன்றுதான் மோசம். தண்ணீர், கல்வெர்ட்டின் குழாயை விட்டு, குழாய்க்கு வெளியே மண்ணுக்குள் வழி தேடும். ஒவ்வொரு மழைக்கும் ஒரு கூடை மண்ணாவது வெளியே போகும். இரும்புத் தகட்டுக் குழாயாக இருந்தால் முதலில் அதன் அடிப்பாகம் துருப்பிடித்துத் தின்று போகும், சுற்றியுள்ள மண் உள்ளே உதிர ஆரம்பிக்கும். சில வருடங்களில் சாலைக்கு அடியில் ஒரு அறையே உருவாகிவிடும். மேலே தார் மட்டும் பானைக்கு மூடி போட்ட மாதிரி நிற்கும். ஓட்டிக்கொண்டு வருகிறவருக்கு அது மற்ற இடத்தைப் போலவேதான் தெரியும்.

எனக்கே நடந்திருக்கிறது. மூடி ஏழெட்டு வருடங்கள் ஆன ஒரு சாலை. ஒரு கல்வெர்ட்டின் சுவரைப் பார்ப்பதற்காகச் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓரமாக நடந்தேன். இடது கால் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. கைகளை ஊன்றி, வயிற்றால் ஊர்ந்து வெளியே வந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு மீட்டர் ஆழத்துக்கு வெறும் காற்று, அடியில் ஓடை. மேலே இருந்த தார் நாலு விரல் தடிமன்கூட இல்லை. அன்று முழங்கால் சிராய்ப்போடு போனது. அதே இடத்தில் ஓட்டிக்கொண்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். அந்த வேலையிலேயே இருக்கிற ஆள் நான், அடையாளங்கள் எல்லாம் தெரிந்த ஆள். அவசரத்தில் பார்க்கவில்லை.

அந்த அடையாளங்கள் என்னவென்றால், சாலையின் குறுக்கே தட்டு மாதிரி லேசான தாழ்வு ஒன்று இருக்கும். ஓரத் தடுப்புக் கம்பியை நீளவாக்கில் பாருங்கள், நேராக வந்த கோடு ஓரிடத்தில் தொங்கும். தாரில் பிறை வடிவ வெடிப்பு இருக்கும். கீழ்ப்புறம் தண்ணீர் வெளியேறும் இடத்தில் புதிதாக வந்து விழுந்த மண் விசிறி போலப் பரவியிருக்கும். அந்த மண் உங்கள் சாலைக்கு அடியிலிருந்துதான் வந்திருக்கிறது. ஒவ்வொரு கல்வெர்ட்டிலும் இறங்கி, கீழ்ப்புறத்தை எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்து போங்கள். கனமான கட்டையால் தாரைத் தட்டிப் பாருங்கள். பாலத்தின் மேல்தளத்தை நாங்கள் சுத்தியலால் தட்டிச் சோதிப்பதும் இதே முறைதான். கெட்டியான இடத்தில் ‘டக்’ என்று கேட்கும், கூடு விழுந்த இடத்தில் ‘தொம்’ என்று கேட்கும். ‘தொம்’ என்று கேட்டால் ஆபத்து நிச்சயம். ஆனால் ‘டக்’ என்று கேட்டால் பத்திரம் என்று அர்த்தம் இல்லை. மேற்பரப்பை ஒட்டிய குழியைத்தான் தட்டிக் கண்டுபிடிக்க முடியும், ஒரு மீட்டர் மண்ணுக்குக் கீழே இருக்கும் குழி காதுக்கு எட்டாது. அதனால் தட்டிப் பார்ப்பதைவிட, இறங்கிக் கீழ்ப்புறம் பார்ப்பதைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

கல்வெர்ட்டுகள் எங்கே இருக்கின்றன என்று கிளம்புவதற்கு முன்பே குறித்துக்கொள்ளலாம். உயரக்கோடுகள் உள்ள வரைபடத்தில், மலை மடிப்பு உள்ளே வளையும் ஒவ்வொரு இடத்திலும் ஓடை இருக்கும், ஓடை இருந்தால் கல்வெர்ட் இருக்கும். அவ்வளவு இடத்திலும் ஜிபிஎஸ்ஸில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். சருகு மூடிக் கிடந்தாலும் இங்கே இறங்க வேண்டும் என்று கருவி சொல்லும்.

அடுத்தது பெரிய பாலம். நீங்கள் அனுப்பிய படம் மேலிருந்து எடுத்தது. அதை வைத்து நானோ வேறு யாரோ எதுவும் சொல்ல முடியாது. ஒரு விஷயம் மட்டும் ஆறுதலாகச் சொல்லலாம். கான்கிரீட் பாலம் பெரும்பாலும் தன் சொந்த எடையைத்தான் சுமந்துகொண்டு நிற்கிறது. அசையாமல் நிற்கும் பாலத்துக்கு உங்கள் எடை கணக்கிலேயே வராது. ஆனால் ஆற்றுப்பாலங்கள் விழுவதற்குப் பெரிய காரணம், வெள்ளம் தூணின் அடியைச் சுற்றி மண்ணை அரித்துக்கொண்டு போவதுதான். மேல்தளம் புதுசு மாதிரி இருக்கும்போதே அடித்தளம் வெறுங்காற்றில் தொங்கிக்கொண்டிருக்கலாம். ஆகவே கரையில் இறங்கி, தூண்களின் அடியைப் பாருங்கள். ஒரு தூண் சாய்ந்திருந்தாலோ, மேலே இரண்டு தளங்கள் சேரும் இடத்தில் படி விழுந்திருந்தாலோ திரும்பிவிடுங்கள். அதில் யோசிக்க எதுவும் இல்லை. கைப்பிடிச் சுவரில் எந்தக் காரணத்துக்காகவும் சாயாதீர்கள். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்தால் பருத்து, கான்கிரீட்டை வெளியே தள்ளும். கைப்பிடி மெல்லியது என்பதால் பெரும்பாலும் முதலில் உதிர்வது அதுதான்.

பாலமே போய்விட்டிருந்தால்? ரஷ்யாவின் கொலிமா நெடுஞ்சாலையில், தோம்தோர் வழியாகப் போகும் பழைய பகுதியில் பல பாலங்கள் இடிந்து போய், பயணிகள் ஆற்றில் இறங்கித்தான் கடக்கிறார்கள். ஆனால் அங்கே ஆட்கள் பெரும்பாலும் கூட்டமாகப் போகிறார்கள். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஒரு பெரியவரைக் கீழே தள்ளிவிடும். தனியாக, மூட்டையோடு, கணுக்காலுக்கு மேல் இழுக்கிற தண்ணீரில் இறங்க வேண்டாம். முந்தைய மூன்று நாளில் மழை பெய்திருந்தால் அந்தச் சாலையையே அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

மலைச்சரிவு பக்கம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளத்துப் பக்க விளிம்புக்கு இணையாகத் தாரில் நீளமான வெடிப்பு ஓடினால், வெடிப்புக்கு வெளியே இருக்கும் பகுதி கீழே போகத் தயாராகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு மலைப் பக்கமாகவே போங்கள். அதற்காகப் பாறையில் உரசிக்கொண்டும் போக வேண்டாம், புதிதாக உடைந்த கல் கிடக்கும் இடத்தில் மேலே இன்னும் கல் இருக்கும்.

சுரங்கப்பாதை உங்கள் வழியில் சின்னது என்கிறீர்கள், மறுமுனை வெளிச்சம் தெரியுமென்றால் பெரிய கவலை இல்லை. இருந்தாலும் தனித்தனி பேட்டரியில் இரண்டு விளக்கு, தலையில் ஹெல்மெட், இறங்கி நடந்து போவது, மூன்றும் வேண்டும். முகத்தில் காற்று ஓட்டம் படுகிறதா என்று வாசலிலேயே நின்று பாருங்கள். மறுமுனை அடைத்து, காற்றே அசையாமல், தண்ணீர் தேங்கி நின்றால் உள்ளே போகாதீர்கள். வௌவால்கள் தங்கியிருந்தால், முக்கியமாகக் குளிர்காலத்தில், விளக்கைக் கீழே தாழ்த்தி, சத்தமில்லாமல் கடந்துவிடுங்கள். குளிர்கால உறக்கத்தில் எழுப்பினால் அவை சேர்த்து வைத்த கொழுப்பெல்லாம் கரைந்து செத்துப்போகக்கூடும்.

இப்போது வேகம். இதைத்தான் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன். நெடுஞ்சாலை என்பது வேகமாகப் போவதற்கென்றே வடிவமைத்தது. ஏற்ற இறக்கம் சீராக இருக்கும், வளைவு விரிந்திருக்கும், வளைவில் வெளிப்பக்கம் தூக்கியிருக்கும். ஒற்றையடிப் பாதையில் உங்கள் உடம்பு தானாகவே ஜாக்கிரதையாக இருக்கும். ஆனால் அகலமான காலிச் சாலையைப் பார்த்ததும், வாழ்நாள் முழுக்கச் சாலையை நம்பிப் பழகிய உடம்பு தளர்ந்துவிடும். இறக்கத்தில் உங்களை அறியாமலே 50 கிலோமீட்டர் வேகம் வந்திருக்கும். அந்த வேகத்தில் சருகு மூடிய வடிகால் குழி வரும், அதன் இரும்பு மூடியை யாரோ எப்போதோ பெயர்த்துக்கொண்டு போயிருப்பார்கள். வண்டிகள் நுழையாமல் இருக்க இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டிய சங்கிலியோ கம்பியோ வரும், மங்கிய வெளிச்சத்தில் அது தெரியவே தெரியாது. கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் அங்கே உங்கள் வேகம். இருட்டிய பிறகு ஓட்டவே வேண்டாம். சூடான தாரில் சாயங்காலம் பாம்புகள் வந்து படுக்கும் என்பது இன்னொரு காரணம்.

தனியாகப் போகிறீர்கள் என்பதால் கணக்கைக் கொஞ்சம் மாற்றிப் போட வேண்டும். சைக்கிள் நடுவில் உடைந்தால் எந்தப் பக்கம் போனாலும் 13 கிலோமீட்டர் நடை. விழுந்த மரங்களைத் தாண்டி, சைக்கிளைத் தூக்கித் தள்ளிக்கொண்டு நடந்தால் மணிக்கு 3 கிலோமீட்டர் கிடைப்பதே அதிகம். நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு தண்ணீரும் பகல் வெளிச்சமும் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். காலை 8 மணிக்கு நுழைந்தால், 12 மணிக்குள் பெரிய பாலத்தைத் தாண்டாவிட்டால் திரும்புவது என்று வீட்டிலேயே முடிவெடுத்து, தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் நின்றுகொண்டு முடிவெடுத்தால் “இன்னும் கொஞ்சம்தானே” என்றுதான் மனசு சொல்லும். அப்புறம், சறுக்கி இறங்கிக் கடந்துவிட்டு மறுபடி ஏற முடியாத இடத்தில் இறங்காதீர்கள். அடுத்த தடையில் வழி அடைத்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

நுழையும் நேரம், வெளியே வரும் நேரம், எந்த மணி வரைக்கும் செய்தி வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும், இந்த மூன்றையும் ஒருவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். மலைக்குள் போன் சிக்னலை நம்ப வேண்டாம். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அபாயச் செய்தி அனுப்பும் கைக்கருவி கிடைக்கிறது. அதைச் சைக்கிள் பையில் வைக்காமல் உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். விழும்போது சைக்கிள் ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமும் போய்விடலாம்.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் பொறியாளன், வழக்கறிஞர் இல்லை, அதனால் பொதுவாகத்தான் சொல்ல முடியும். வண்டி போகாததாலேயே ஒரு சாலை யாருக்கும் சொந்தமில்லாததாகிவிடாது. இங்கிலாந்துச் சட்டத்தில், ஒருமுறை பொதுவழியானால் முறைப்படி ரத்து செய்யும்வரை அது பொதுவழியே என்பது பழைய கொள்கை. வேறு நாடுகளில் கைவிட்ட சாலை நிலம் பக்கத்து நிலக்காரருக்கே திரும்பிப் போவதும் உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் “பயன்பாட்டில் இல்லை”, “கைவிடப்பட்டது” என்று இரண்டு குறிப்புகள் தனித்தனியாக உண்டு. முதலாவது இன்னும் ஓரளவு நல்ல நிலையில் இருப்பது, இரண்டாவது சிதைந்து போனது. இரண்டும் தன்னார்வலர்கள் போடும் குறிப்புகள்தான், உள்ளே போகலாம் என்ற அனுமதி இல்லை. “நுழையாதே” என்ற பலகை இருந்தால் அனுமதி கேட்டுப் போங்கள். கேட்கப் போகிற இடத்தில்தான் ஏன் மூடினார்கள் என்ற விவரமும் கிடைக்கும்.

மண் சரிவால் மூடவில்லை என்று தெரிந்து, மழையில்லாத வாரமாகவும் இருந்தால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் போவேன். அந்த 26 கிலோமீட்டருக்கு முழுப் பகலையும் ஒதுக்கிக்கொண்டு போவேன். போவதற்கு முன் முடிந்தால் ஒன்று செய்யுங்கள். ஆற்றங்கரையிலிருந்து அந்தப் பாலத்தின் தூண் அடிகளை யாராவது படம் எடுத்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள், மீன் பிடிக்கப் போகிறவர்கள் எடுத்திருப்பார்கள். கிடைத்தால் எந்த வருடம் எடுத்தது என்பதோடு இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.